உச்சமுனைப் பயணமும் ஒரு செப்புக் கம்பியும்

இலங்கையின் வரைபடத்தை விரித்து, மேற்குக் கரையிலே புத்தளத்துக்கு நேராக விரலை வைத்தால், கடலுக்கும் களப்புக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒரு நிலக்கீற்று அகப்படும். அதுவே கற்பிட்டிக் குடாநாடு. கற்பிட்டி நகரோடு அது முடிந்துவிடுவதில்லை. அதற்கும் அப்பால் மணல் திட்டுகளும் சிறு தீவுகளுமாக நீருக்கு மேலே தலைகாட்டிச் செல்கின்றது. இப்பந்தீவு, பத்தலங்குண்டு என்றெல்லாம் பெயர் பெற்ற அத்தீவுக் கூட்டத்துள் ஒன்றுதான் உச்சமுனை. ஒரு புறம் அலையெறியும் திறந்த கடல், மறு புறம் அமைதி தவழும் உட்கடல், நடுவே வெண்மணல். பெயருக்கேற்ற முனை அது.

இந்த முனையைக் காணச் சென்ற நாம், அங்கே கண்ட அழகைவிட வழியிலே கற்ற ஒரு பாடத்தையே வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம். அப்பாடம் மோட்டார்க் காருக்குள் ஒரு மின்கம்பியைக் கொண்டுசெல்வதைப் பற்றியது. "உச்சமுனைக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சொல்கின்றோம்.

எம் நண்பர் ஒருவர் ஒலிபெருக்கித் தொழில் செய்பவர். அவருடைய உறவினரின் வாடி உச்சமுனையில் இருக்கின்றது. மீன்பிடி காலத்திலே தொழிலாளர் தங்கும் குடிலையே அப்பகுதியில் வாடி என்பர். அவ்வாடியில் நிகழவிருந்த ஒரு சிறு விழாவுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டது. கற்பிட்டி வரை காரில் விளம்பரம் செய்துகொண்டே செல்வது, அப்பால் படகேறுவது என்பது திட்டம். நண்பரும், உயர்தர வகுப்பிலே பௌதிகம் பயிலும் அவருடைய மகனும், நாமும் புத்தளத்தில் ஒன்றுகூடினோம். ஆனால் புறப்படுமுன் காரிலே ஒரு வேலை பாக்கியிருந்தது. புதிய ஒலிபெருக்கிக் கருவிக்கு வேண்டிய மின்சாரத்தை எஞ்சின் பக்கத்துப் பற்றரியிலிருந்து உள்ளே கொண்டுவர வேண்டும். ஆகவே முதலிற் கராச்சுக்குச் சென்றோம்.

இந்நாட்டு வீதிகளிலே ஒலிபெருக்கி கட்டிய வாகனம் புதுமையன்று. பாண் விற்கும் முச்சக்கர வண்டி, ஜெர்மானிய இசைமேதை பேத்தோவன் 1810ஆம் ஆண்டில் இயற்றிய பியானோ இசையொன்றை முழக்கிக்கொண்டு ஒழுங்கைதோறும் வருவதை நம் குழந்தைகள் அறிவர். மீன் வியாபாரிகளும் திருவிழா அறிவிப்பாளரும் அவ்வாறே. இவ்வொலிகளுக்கெல்லாம் பின்னே பற்றரியிலிருந்து வரும் ஒரு தடித்த கம்பி ஒளிந்திருக்கின்றது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்?

காரின் எஞ்சினுக்கும் நாம் அமரும் பகுதிக்கும் நடுவே ஓர் உலோகத் தகட்டுச் சுவர் உண்டு. எஞ்சினிலே தீப்பற்றினால் அது உடனே உள்ளே பாயாமல் தடுப்பதும், வெப்பம், புகை, இரைச்சல் ஆகியவற்றை மறிப்பதும் அதன் கடமை. இதனாலேயே அமெரிக்கர் அதனை ஃபயர்வோல், அதாவது தீச்சுவர் என்றனர். ஆங்கிலேயரோ கப்பலின் உட்பகுதியைப் பிரிக்கும் தடுப்புக்கு வழங்கும் பல்க்ஹெட் என்ற பெயரையே அதற்கும் சூட்டினர். இரண்டும் பொருத்தமான பெயர்களே. இச்சுவரிலே துளையிடுவது, காவலைத் தளர்த்துவதற்கு ஒப்பாகும். அதனை எவ்வாறு தளர்த்தாமற் செய்வது என்பதே தொழிலாளியின் திறமை.

கராச்சிலே வேலை செய்த முதியவரை எல்லோரும் நானா என்றே அழைத்தனர். அவர் எடுத்த எடுப்பிலே பற்றரியின் கறுப்பு முனையைக் கழற்றினார்.

"நானா, கம்பி பூட்டப்போவது சிவப்பு முனையில்தானே? கறுப்பை ஏன் கழற்றுகிறீர்கள்?" என்று கேட்டான் மாணவன்.

"தம்பி, காரின் உடம்பு முழுவதும் கறுப்பு முனையோடு சேர்ந்திருக்கிறது. சிவப்பிலே சாவியை வைத்துத் திருப்பும்போது அது தவறி உடம்பிலே பட்டால் என்ன ஆகும்? கறுப்பைக் கழற்றிவிட்டால் சாவி எங்கே பட்டாலும் பயமில்லை" என்றார் அவர்.

பன்னிரண்டு வோல்ற் மின்சாரம் தொட்டவரை உதறித் தள்ளுவதில்லை. அதனாலே பலர் அதனைச் சாதுவென எண்ணி ஏமாறுகின்றனர். எஞ்சினைக் கிளப்பும் ஒரு கணத்திலேயே நூற்றுக்கு மேற்பட்ட அம்பியர் மின்னோட்டத்தை அளிக்கும் பொருள் கார்ப் பற்றரி. அதன் இரு முனைகளும் நேரே இணைந்துவிட்டால் பல நூறு அம்பியர் பாயும். கம்பி செஞ்சூடாகும், அதன் உறை எரியும். கையைச் சுடாத மின்சாரம் காரைச் சுட்டுவிடும்.

நானா தட்டிலிருந்து ஒரு பழைய கம்பித் துண்டை எடுத்து எம்மிடம் நீட்டினார். அதன் உறை ஓரிடத்திலே கத்தியால் அரிந்தது போல் வட்டமாக வெட்டுண்டிருந்தது. உள்ளே செம்பு கருகிப்போயிருந்தது. தீச்சுவரில் வெறுமனே துளையிட்டு, அதனூடாக நுழைத்த கம்பியாம் அது. கார் குலுங்கும்போதெல்லாம் தகட்டின் விளிம்பு உறையைச் சிறிது சிறிதாக அறுத்தது. ஒரு நாள் செம்பு தகட்டைத் தொட்டது. காரில் இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்ததனாலே உயிர் தப்பினர். "கம்பியின் இரண்டு நுனியையும் எல்லோரும் நன்றாகத்தான் பூட்டுகிறார்கள். அது சுவரைக் கடக்கும் இடத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை" என்றார் அவர்.

பின்னர் வேலை நடந்த விதத்தை நாம் உன்னிப்பாகக் கவனித்தோம். ஏற்கெனவே காரின் சொந்தக் கம்பிகள் நுழையும் ரப்பர் வளையத்தில் இடமிருந்தால் அவ்வழியே செல்வதுதான் உத்தமமாம். இந்தக் காரிலே அங்கே இடமில்லை. ஆகவே புதுத் துளை வேண்டியதாயிற்று. துறப்பணத்தை எடுக்குமுன் சுவரின் இரு பக்கத்தையும் விளக்குப் பிடித்துப் பார்த்தார். பிரேக் குழாயோ, வேறு கம்பிக் கட்டோ, மிதிபலகையின் அசைவோ குறுக்கிடாத இடத்தைத் தேர்ந்தார். முதலிற் சிறு துளை, பின்பு பெருந்துளை. விளிம்பை அரத்தால் அராவி வழவழப்பாக்கினார். வெறும் உலோகம் உப்புக் காற்றிலே துருப்பிடிக்குமென்று அதன்மேல் வண்ணம் பூசினார். அதன் பின்பே தடித்த ரப்பர் வளையத்தைத் துளையிலே பதித்தார். ஒரு பழைய சைக்கிள் கம்பியை முன்னே செலுத்தி, அதனோடு கட்டிய மின்கம்பியை உள்ளே இழுத்தார். துளைக்கு வெளியே கம்பி சற்றுக் கீழே தொங்கி மேலேறும்படி விட்டார். மழைநீர் கம்பி வழியே ஊர்ந்து உள்ளே வராமல், அந்தத் தாழ்ந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஈற்றில் இடைவெளியைச் சிலிக்கன் பசையால் அடைத்தார். தீச்சுவர் மறுபடியும் சுவராயிற்று.

மாணவனுக்குக் கம்பியின் பருமனைப் பற்றிய ஐயம் எழுந்தது. அவன் கற்ற பௌதிகமே அதற்கு விடை தந்தது. கருவி 40 அம்பியர் இழுக்கின்றது. கம்பி 5 மீற்றர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். குறுக்குவெட்டு 16 சதுர மில்லிமீற்றர் உள்ள செப்புக் கம்பியானால், வழியிலே ஏறக்குறைய கால் வோல்ற் குறையும். 2.5 சதுர மில்லிமீற்றர் உள்ள மெல்லிய கம்பியானால் குறைவு ஒன்றரை வோல்ற்றை நெருங்கும். அப்போது கம்பியிலே பிறக்கும் வெப்பம் ஐம்பது வாற்றுக்கு மேற்படும். பழைய 60 வாற் மின்குமிழ் ஒன்றைக் காரின் கம்பளத்தின் கீழே எரியவிட்டதற்கு அது சமம். ஒலி குன்றுவது ஒருபுறமிருக்க, இதுவன்றோ அபாயம்!

இன்னொரு கேள்வியையும் அவன் விடவில்லை. கருவியிலேயே பியூஸ் எனப்படும் உருகி இருக்கையில், பற்றரிக்குப் பக்கத்திலே மற்றோர் உருகி எதற்கு? நானா சிரித்தார். "அது கருவிக்குக் காவல், தம்பி. இது கம்பிக்குக் காவல்." கம்பி இடைவழியிலே உடம்பைத் தொட்டால், மின்சாரம் கருவியை எட்டுவதேயில்லை; ஆகவே அங்குள்ள உருகிக்கு நடந்தது தெரியாது. பற்றரியிலிருந்து ஒன்றரை அடி தூரத்துக்குள் அமைந்த உருகியோ உடனே உருகி ஓட்டத்தை அறுத்துவிடும். அதன் அளவையும் கம்பி தாங்கக்கூடிய அளவுக்கு உட்பட்டே தேர்தல் வேண்டும். இங்கே 60 அம்பியர் உருகி ஒன்றை, எல்லா வேலையும் முடிந்த பின்பே அவர் இட்டார்.

புத்தளத்தை விட்டுப் பாலாவியிலே திரும்பினோம். உப்பளங்களைக் கடந்து குடாநாட்டு வீதியிலே சென்றபோது, தென்னந்தோப்புகளுக்கு மேலே காற்றாலைகள் சுழன்றன. நுரைச்சோலையிலே நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி வானளாவி நின்றது. 2011இல் தொடங்கி 2014இல் நிறைவுற்ற அந்நிலையத்தின் மொத்த ஆற்றல் 900 மெகாவாற். அங்கிருந்து 220,000 வோல்ற் அழுத்தத்திலே மின்சாரத்தைச் சுமந்து செல்லும் கம்பிகள், எஃகுக் கோபுரங்களில் மின்காவலிகளினால் விலகித் தொங்குவதை மாணவன் சுட்டிக் காட்டினான். உலோகத்தைக் கம்பி தொடலாகாது என்னும் விதி அங்கும் இங்கும் ஒன்றே. நுரைச்சோலையில் காவலி எவ்வளவு பெரிதோ, நம் காரிலே ரப்பர் வளையம் அவ்வளவு சிறிது. கடமையிலே மட்டும் இரண்டும் சமம்.

ஆண்டுதோறும் மார்ச்சிலும் ஓகஸ்டிலும் பெருவிழாக் காணும் தலவில் அன்னம்மாள் திருத்தலத்துக்குப் பிரியும் பாதையைத் தாண்டி, கற்பிட்டியை அடைந்தோம். ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டை களப்போரத்திலே இன்றும் நிற்கின்றது. கண்டி அரசின் கடல் வாணிபம் புத்தளக் களப்பின் வழியே நடந்தமையால், அந்த நீர்வாயிலைத் தம் கையில் வைத்துக்கொள்ளவே அவர்கள் இங்கே கோட்டை எழுப்பினர். வாயில் இருக்குமிடத்திலேதான் காவல் வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

காரைக் கற்பிட்டியில் நிறுத்தி, ஒலிபெருக்கியையும் தனிப் பற்றரி ஒன்றையும் தார்ப்பாயிலே சுற்றிப் படகில் ஏற்றினோம். களப்பு நீர் பச்சையும் நீலமுமாக மாறி மாறித் தோன்றியது. உச்சமுனையில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. மணலிலே உலரும் மீன், கவிழ்த்து வைத்த தோணி, கிடுகு வேய்ந்த வாடிகள், இடைவிடாத காற்று: இவையே அவ்விடத்தின் செல்வம்.

உறவினரின் வாடிக் கூரைமேல் ஒரு சூரியத் தகடு இருந்தது. அதிலிருந்து வந்த கம்பி, தகரச் சுவரிலே இட்ட துளை வழியாக உள்ளேயிருந்த பற்றரியைச் சேர்ந்தது. நாம் விரைந்து அத்துளையைப் பார்த்தோம். தகர விளிம்பின்மேல் சைக்கிள் ரியூபின் துண்டொன்று பக்குவமாகச் சுற்றப்பட்டிருந்தது. "தகரம் வலையையே அறுக்கும், வயரை விடுமா, மகன்?" என்றார் வாடிக்காரப் பெரியவர். எந்தக் கராச்சிலும் பயிலாத அவர், தம் தொழிலின் அனுபவத்திலிருந்தே அவ்வுண்மையைக் கண்டிருந்தார்.

ஆனால் பற்றரியின் அருகே உருகி இல்லை. பற்றரிக்கு மேலே ஒரு முழ உயரத்தில் காய்ந்த கிடுகு, வெளியே கடற்காற்று, பக்கத்திலே அடுத்த வாடி. ஒரு பொறி விழுந்தால் தீயணைக்கும் வண்டி வரும் வீதி அங்கே இல்லை. மாணவன் தந்தையை நோக்கினான். நண்பர் பெட்டியைத் திறந்து, மேலதிகமாகக் கொண்டுவந்த சிறு உருகிக் கூட்டை எடுத்துக் கொடுத்தார். அவன் முதலிலே கறுப்பு முனையைக் கழற்றினான். சிவப்பு முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திலே கம்பியை அறுத்துக் கூட்டைப் பொருத்தினான். உள்ளே எரிந்தவை இரண்டு மின்விளக்குகளும் ஒரு வானொலியுமே. ஆகவே 10 அம்பியர் உருகி போதுமாயிருந்தது. விளக்குகள் மீண்டும் எரிந்தபோது, பெரியவர் பக்கத்து வாடிக்காரரை அழைத்து அதனைக் காட்டினார். மறு முறை வரும்போது தமக்கும் ஒன்று கொண்டுவருமாறு இன்னும் இருவர் சொல்லியனுப்பினர்.

காரோ, முச்சக்கர வண்டியோ, படகோ வைத்திருக்கும் குடும்பத்தார் ஓய்வான ஒரு நாளிலே மூடியைத் திறந்து பாருங்கள். பின்னாளிலே சேர்த்த கம்பி ஏதேனும் உலோகத்தைக் கடக்கின்றதா? கடக்குமிடத்திலே ரப்பர் இருக்கின்றதா? பற்றரியின் அருகே உருகி உண்டா? மூன்று கேள்விகள்தாம். ஒன்றுக்கேனும் விடை இல்லையென்றால், அன்றைக்கே தொழில் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ரப்பர் வளையத்தின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலைக்கு மேற்படாது. அதற்குப் பின்னே அமர்ந்திருப்போரோ நம் பிள்ளைகள்.