கிட்டாருக்கு எதுக்குங்க மைக்?

எலக்ட்ரிக் கிட்டாரில்தான் ஏற்கனவே ஒயர் இருக்கே, அதை நேரா மிக்ஸரில் சொருகிட்டா வேலை முடிஞ்சதே, ஆம்ப் முன்னாடி எதுக்கு ஒரு மைக்? நிறைய பேர் கேட்கிற கேள்வி. (பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலைன்னு கேட்காதீங்க. எங்க குரூப்பில் கேபிள் சுருட்டுறது நான்தான் :-))

விஷயம் ஸ்பீக்கரில் இருக்கு. கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ரொம்பப் பாடாது. டிஸ்டார்ஷன் போட்டால் வருகிற கரகரப்பை அதுதான் வடிகட்டுது. ஸ்பீக்கரை விட்டுட்டு நேரா ஒயர் எடுத்தா, பாதி வாத்தியத்தை வீட்டிலேயே வச்சிட்டு வந்த மாதிரி!

எங்க கடைசி வருஷ கச்சேரியில் சவுண்டுக்கு வந்தவர் அப்படித்தான் செய்தார். பாட்டு, டிரம்ஸ் எல்லாம் பிரமாதம். கிட்டார் மட்டும் டப்பாவுக்குள் மாட்டின கொசு. வாசித்த நண்பன் இப்போ வேலை கிடைச்சு வெளியூர் போயாச்சு. அன்னைக்கு அவன் வாசிச்ச சோலோவுக்கு அந்த ரெக்கார்டிங் மட்டும்தான் மிச்சம்.

சாதாரணமா 1965-ல் வந்த ஷூர் எஸ்எம்57 மைக்கையே ஸ்பீக்கருக்கு ஓரிரு அங்குலம் தள்ளி வைப்பாங்க. நடுமையத்தில் வச்சா கூர்மையா கேட்கும், ஓரத்துக்கு நகர்த்தினா குழையும். இவ்வளவு கிட்ட வைக்க இன்னொரு காரணம், பக்கத்து டிரம்ஸ் இதில் வந்து விழுறது குறையும்.

பேஸ் கிட்டார் கதை வேற. அதுக்கு டிஐ பாக்ஸ் போட்டு நேரா எடுத்தாலே பெரும்பாலும் போதும். கீபோர்டுக்கும் அப்படியே. ஆனா டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட் ஹேமண்ட் ஆர்கனையே மார்ஷல் ஆம்ப் வழியா உறும விட்டவர். 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான 'மேட் இன் ஜப்பான்' கேட்டுப் பாருங்க. அந்த உறுமல் இல்லாத ஆர்கன் யாருக்கு வேணும்?

என்னைக் கேட்டா, கிட்டாருக்கு ரெண்டையும் எடுக்கணும். டிஐ பாக்ஸிலிருந்து ஒரு ஒயர் ஆம்புக்கு, ஒண்ணு மிக்ஸருக்கு, ஆம்ப் முன்னாடி மைக். காமர்ஸ் பாஷையில் இன்ஷூரன்ஸ். மைக் டிராக் சொதப்பினாலும், நேரா எடுத்ததை அப்புறமா ஒரு ஆம்ப் வழியா ஓடவிட்டு மறுபடி மைக் வச்சுப் பிடிக்கலாம். அது 'லைவ்' இல்லைன்னு சண்டைக்கு வர்றவங்க உண்டு. விரல் அன்னைக்கு வாசிச்சதுதானே, ஸ்பீக்கர் மட்டும்தானே இன்னைக்கு?

நண்பனோட டிராக்கையும் அப்படி ஓட்டிப் பார்க்கப் போறோம். ஒரு நல்ல ஆம்ப் இரவல் கிடைக்கணும், அவ்வளவுதான்.