கிதாருக்கு எண்ணெய் ஸ்நானம்

சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தின் மகிமையைத் தமிழர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாத்தியத்துக்கும் எண்ணெய் ஸ்நானம் உண்டென்றும், அதைச் செய்து வைக்கும் பொறுப்பு ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயரின் தலையில் விடியுமென்றும் சொன்னால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். தாராளமாகச் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு நாம் சொல்வதைச் சற்றுச் செவி சாய்த்துக் கேட்கட்டும்.

வாத்தியம் என்றதும் வீணையையோ தம்புராவையோ நினைத்துவிட வேண்டாம். இது பேஸ் கிதார். நாலே நாலு தடித்த தந்திகள். பாட்டு மேலே பறக்கும்போது கீழே அஸ்திவாரமாக நின்று தாங்கும் நாதம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து லியோ பெண்டர் என்பவர் 1951-ல் ‘பிரிஸிஷன் பேஸ்’ என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை ஆளுயர டபிள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த வித்வான்களுக்கு அது பெரிய விமோசனம். பிறகு நம் சினிமா சங்கீதத்திலும் அது நிரந்தரமாகக் குடியேறியது. நம் வீட்டில் குடியேறியது நம் புதல்வனின் கைங்கரியம்.

கிதார்களில் பெரும்பாலானவை கண்ணாடிபோல் பளபளக்கும் கெட்டியான பூச்சுடன் வருகின்றன. அவற்றைத் துணியால் துடைத்தால் போதும். மற்றொரு ஜாதி உண்டு. அதற்கு மேல்பூச்சே கிடையாது. எண்ணெயையோ தேன்மெழுகையோ தேய்த்து மரத்தை மரமாகவே விட்டிருப்பார்கள். ஜெர்மனியின் வார்விக் பேஸ்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. பீட்டில்ஸ் கோஷ்டியின் பால் மக்கார்ட்னி 1967-ல் தம் ரிக்கன்பேக்கர் பேஸுக்கு வர்ணக் கோலம் போட்டு அழகு பார்த்தார்; பின்னர் வர்ணம் முழுவதையும் சுரண்டியெடுத்து வெறும் மரமாக்கிவிட்டார். வர்ணத்தில் அலுத்துப் போகிறவர்களுக்கு மரம் அலுப்பதில்லை போலும்.

நம் வீட்டுக் கிதார் இந்த இரண்டாவது ஜாதி. மஹோகனி உடல், எண்ணெய் மட்டும் தேய்த்தது. பையன் உத்தியோக நிமித்தம் புனாவுக்குச் சென்றபோது, தங்கும் அறையில் இடமில்லை என்று அதை நம்மிடம் ஒப்படைத்தான். உறவினர் ஒருவர் உடனே ஒரு யோசனை சொன்னார்: “நல்ல தச்சனாகப் பார்த்து இரண்டு கை வார்னிஷ் அடித்து மூலையில் வைத்துவிடுங்கள். அப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.”

யோசனை நியாயமானதாகவே பட்டது. ஆனால் வார்னிஷ் அடிக்கு முன் உப்புத்தாளால் மரத்தைத் தேய்த்தாக வேண்டும். வாத்தியத்தின் மேல் விளிம்பில், ஐந்து வருஷ காலம் அவனுடைய வலது முன்கை படிந்த இடம் ஒன்று இருக்கிறது. அங்கே மரம் கறுத்து, கூழாங்கல்போல் வழவழத்திருக்கிறது. தேய்த்தால் மரம் மிஞ்சும். அந்த ஐந்து வருஷங்கள் மிஞ்சா. ஆகவே தச்சனுக்குச் சொல்லியனுப்பவில்லை. திரும்பிப் பார்க்கும் வேலையை நாமே ஏற்றுக்கொண்டோம்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. வெட்டி எத்தனை வருஷமானாலும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உண்ணும், உமிழும். நார் ஓடும் திசையில் அநேகமாக அசையாது, குறுக்குவாட்டில் அகன்று சுருங்கும். எண்ணெய் இதை அடியோடு தடுத்துவிடாது. தண்ணீரும் வியர்வையும் அழுக்கும் சட்டென்று உள்ளே இறங்காமல் காக்கும்; அவ்வளவே. ஒரு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. உறிஞ்சி அவ்விடம் கறுத்தால் ஸ்நானத்துக்கு நாள் வந்துவிட்டது.

எந்த எண்ணெய்? நம் வீட்டு அம்மாளின் முதல் சிபாரிசு தேங்காய் எண்ணெய். தலைக்கு அது அமிர்தம்; மரத்துக்கு ஆகாது. அது என்றைக்கும் உலர்வதில்லை. பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். நல்லெண்ணெயும் சரியாக உலராது. பெயிண்டுக் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் காற்றில் உலர்ந்து இறுகும் தன்மையுடையது. பழைய வேஷ்டித் துணியில் சில சொட்டுகள் விட்டு, நார் ஓடும் திசையில் மெல்லத் தேய்க்க வேண்டும். கால் மணி பொறுத்து, மிஞ்சியதை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசினாகிவிடும். ஆதியில் மெழுகு தேய்த்த வாத்தியமானால் மெழுகையே தொடரலாம்.

ஓர் எச்சரிக்கை. இந்த எண்ணெய் உலரும்போது சூடு பிறக்கிறது. நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானாகவே தீப்பற்றிக்கொள்ளக்கூடும். துணியை வெளியே விரித்து உலர்த்துங்கள். அல்லது நீரில் நனைத்துவிட்டு எறியுங்கள்.

விரல் பலகை பெரும்பாலும் ஈட்டி மரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் வளர்வது. தந்தி மாற்றும்போது மட்டும் அதற்கு ஒரு துடைப்புப் போதும். மேஜைக்கு அடிக்கும் ஸிலிகோன் கலந்த பாலிஷ் அருகில் வரக் கூடாது. அது மரத்தில் ஊறினால் பிற்பாடு எந்தப் பூச்சும் சரியாகப் பிடிக்காது. நாலு தந்திகளும் சேர்ந்து சுமார் 75 கிலோ பாரத்துக்கு இழுத்துக்கொண்டிருப்பவை. ஆகையால் வெயில் படும் ஜன்னலோரத்தையும் ஏ.ஸி. காற்று நேரே வீசும் இடத்தையும் தவிர்ப்பது நலம்.

பூச்சில்லாத மரத்துக்கு ஒரு சௌகரியமும் உண்டு. எங்காவது இடித்துப் பள்ளம் விழுந்தால், ஈரத் துணியை அதன்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சூடு காட்டலாம். நசுங்கிய நார்கள் நீராவி குடித்து மெல்ல எழும்பும். நார் அறுந்திருந்தால் மட்டும் எழும்பாது. கண்ணாடிப் பூச்சு உடைந்தாலோ, வீட்டில் செய்யும் வைத்தியம் அவ்வளவு எளிதில் பலிக்காது.

இவ்வளவுக்கும் தீபாவளிக்கு ஒரு தடவை, சித்திரை வருஷப் பிறப்புக்கு ஒரு தடவை என்று வருஷத்தில் இரண்டு காலைப்பொழுதுகள் போதும். நம் அநுபவத்தில், வீட்டிலுள்ள மற்றவர்களைவிடக் கிதாருக்கு எண்ணெய் தேய்ப்பதே சுலபம். சீயக்காய் கண்ணில் விழுந்துவிட்டதென்று அது அலறுவதில்லை.