ஊர் உரிமமும் துபைச் சாலையும்

துபையில் தேராவிலிருந்து பர்துபைக்குக் கடற்கழியைக் கடந்து செல்லும் அப்ராப் படகில் ஒரு திர்ஹம் கொடுத்து ஏறிக்கொள்ளலாம். சில நிமிடங்களில் அக்கரை வந்துவிடும். கழியின் இரு கரைகளிலும் பழைய துபை இன்னும் நடந்தே சுற்றிவரக் கூடிய ஊராகவே இருக்கிறது. அல்ராஸில் மசாலா மூட்டைகள், சற்றுத் தள்ளித் தங்கக் கடைகள், அதற்கும் அப்பால் நாயிஃப். பாங்கு ஒலித்தால் எத்திசையில் நடந்தாலும் ஒரு பள்ளிவாசல் எதிர்ப்படும். நம் ஊர்களிலிருந்து முன்னாளில் சபர் சென்றவர்களில் பலர் இந்தச் சிறு வட்டத்திற்குள்ளேயே தங்கி உழைத்து ஊர் திரும்பியவர்கள். அவர்களுக்கு வாகனம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இன்றைய துபை அவ்வட்டத்தை விட்டுத் தெற்கே நீண்டுவிட்டது. ஷேக் சாயித் சாலை வழியே ஜபல் அலி வரை சென்றால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 2009 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில் பெரும் உதவிதான். எனினும் அது தன் பாதையில் மட்டுமே ஓடும். குழாய் உதிரிப் பொருள்களின் மாதிரிகளைப் பையில் சுமந்துகொண்டு, 40 பாகைக்கு மேற்பட்ட வெயிலில், நிலையத்திலிருந்து கட்டுமானத் தளத்திற்கு நடப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வண்டி ஓட்டுபவர் ஒரு நாளில் ஆறு இடங்களைப் பார்த்துவிடுவார். ஓட்டாதவர் இரண்டைப் பார்ப்பார். ஊதியமும் அக்கணக்கின்படியே அமையும்.

ஓட்டுநர் உரிமத்தை அங்கு அரபியில் ‘ருக்ஸத்’ என்கிறார்கள். மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் நடத்தும் எனக்கு அச்சொல் காதில் விழுந்தபோது சற்று வியப்பாக இருந்தது. பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாம் என்பது போன்ற சலுகைகளைத்தான் நாங்கள் ருக்ஸத் என்று பாடம் சொல்வோம். சிரமத்தை எளிதாக்கித் தருவது என்பது அங்கே பொருள். ஆனால் நம் நாட்டிலிருந்து துபைக்குச் சென்று இந்த ருக்ஸத்தைத் தேடுகிறவருக்கு அது எவ்வளவு எளிது என்பதை, 2023 நவம்பரில் அங்கு இருபது நாள் தங்கியிருந்தபோது என் தங்கை மகனிடமிருந்து அறிந்துகொண்டேன்.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்க்காரரான அவர் 2016இல் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் பெற்றவர். ஊரிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் இரவு பகல் பாராமல் வண்டி ஓட்டியவர். துபைக்குச் செல்லும்போது அந்த அட்டையைக் கையோடு கொண்டு சென்றார். அங்கே கொடுத்தால் அவ்வூர் அட்டையாக மாற்றித் தந்துவிடுவார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

மாற்றித் தருவது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு பட்டியல் உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரேலியா, ஜப்பான், தென் கொரியா ஆகிய நாடுகள் அதில் உள்ளன. அந்நாட்டு உரிமம் வைத்திருந்து அமீரகத்தில் குடியிருப்பு அனுமதி பெற்றவர் கண் பரிசோதனைச் சான்றையும் கட்டணத்தையும் செலுத்தி, வகுப்போ ஓட்டும் தேர்வோ இன்றிப் புதிய அட்டையைப் பெற்றுச் சென்றுவிடலாம். இந்தியா அப்பட்டியலில் இல்லை. நம்மவர் பயிற்சிப் பள்ளியில் பெயர் பதிந்து, வகுப்பில் அமர்ந்து, மூன்று தேர்வுகளைக் கடந்தாக வேண்டும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. ஊரில் பெற்ற பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோடு சுற்றுலாவாகச் செல்பவர் அங்கு வாடகைக் கார் எடுத்து ஓட்டலாம். அதே மனிதருக்கு வேலை கிடைத்துக் குடியிருப்பு விசா பதிவான பிறகு அந்த அனுமதி அவருக்குச் செல்லாது. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவரை நம்பும் சட்டம், குடியிருக்க வந்தவரிடம் மீண்டும் ஓட்டிக் காட்டு என்கிறது.

ஏன் இந்த வேறுபாடு? நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அவர்கள் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால்தான் என்று பலர் சொல்லக் கேட்டேன். இது பொருந்தாத விளக்கம். பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளே. வளைகுடாவிலேயே பஹ்ரைன் 1967 வரை இடப்பக்கம் ஓட்டிய நாடுதான். பக்கம் மாறினால் மனிதன் பழகிக்கொள்வான். நாட்டுக்கு நாடு உள்ள உறவும் உடன்பாடும் இதில் ஒரு பங்கு வகிக்கலாம். ஆயினும் அந்த அட்டை எப்படிக் கையில் வந்தது என்ற கேள்விதான் இதன் அடியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நம்மில் எத்தனை பேர் அதிகாரியைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, நெரிசல் மிகுந்த சாலையில் கால் மணிநேரம் ஓட்டிக் காட்டி உரிமம் பெற்றோம்? நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேண்டும். தரகரிடம் பணம் கட்டி, மைதானத்தில் ஓர் எட்டுப் போட்டுவிட்டு அட்டையை வாங்கி வந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு, முறையாகக் கற்ற என் மருமகனும் ஒரே தராசில் நிறுக்கப்படுகிறார். அவருக்கு இது வருத்தம்தான்.

ஊர் உரிமம் முற்றிலும் பயனற்றது என்றும் சொல்ல முடியாது. துபையில் உரிமமே இல்லாதவர் குறைந்தது 20 மணிநேரம் ஓட்டிப் பழக வேண்டும். 2 முதல் 5 ஆண்டு வரை பழமையான உரிமம் உள்ளவருக்கு 15 மணிநேரம். 5 ஆண்டைத் தாண்டியிருந்தால் 10 மணிநேரம் போதும். மருமகனுக்குப் பத்து மணிநேரமே விதிக்கப்பட்டது.

ஒரு நாள் அஸருக்குப் பின் அவருடன் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றேன். மைதானத்தில் கொட்டகை போன்ற இடத்திற்குள் பின்னோக்கி வண்டியை நுழைப்பது, இரு வண்டிகளுக்கு நடுவே ஓரமாக நிறுத்துவது, சாய்வாக நிறுத்துவது, மேட்டில் நின்று பின்னால் நழுவாமல் புறப்படுவது, திடீரென்று பிரேக் பிடித்து நிற்பது ஆகிய ஐந்தையும் செய்து காட்ட வேண்டும். அவருக்குப் பாடம் சொன்னவர் பெஷாவர்ப் பக்கத்துப் பெரியவர். மாணவர்கள் அவரை ‘உஸ்தாத்’ என்றே அழைத்தார்கள். எனக்கு மதரஸா நாள்களிலிருந்து உருது பழக்கம் என்பதால் அவரோடு பேச முடிந்தது. நானும் ஓர் உஸ்தாத் என்று அறிந்ததும் அவர் மனம்விட்டுப் பேசினார். ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காதவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது தமக்கு எளிது என்றும், பத்து ஆண்டு ஓட்டியவர்களோடுதான் பாடுபட வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். தவறாக ஓதிப் பழகிய பிள்ளையைத் திருத்துவது புதிய பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுப்பதை விடக் கடினம் என்பதை நான் அறிவேன். ஆதலால் அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது.

ஊரில் இடது கையால் கியர் போட்டவர் அங்கு வலது கையால் போட வேண்டும். முதல் வாரம் முழுவதும் மருமகனின் இடது கை தானாகவே போய்க் கதவில் இடித்துக்கொண்டதாம். தானியங்கிக் கியர் வண்டியில் தேர்வு கொடுத்தால் இத்தொல்லை இல்லை. ஆனால் அந்த உரிமத்தைக் கொண்டு சாதாரணக் கியர் வண்டியை ஓட்டக் கூடாது. அவருடைய நிறுவனத்தின் பிக்அப்போ கியர் வண்டி. ரவுண்டானாவும் தலைகீழ். நம் ஊரில் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றி, வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடுகிறோம். அங்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், இடப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். “மாமா, மூளை இடப்பக்கம் பார்க்கச் சொல்கிறது, கழுத்து வலப்பக்கம் திரும்புகிறது” என்றார்.

இவை கூட விரைவில் பழகிவிட்டன. அவரை வீழ்த்தியவை வேறு. கண்ணாடியில் பார்த்தால் மட்டும் போதாது, தடம் மாறும் முன் தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு அகப்படாத மூலையில் ஒரு வண்டி இருக்கலாம். ஊரில் நாம் அந்த வேலையை ஹார்னிடம் ஒப்படைத்துவிட்டோம். பின்னால் வருபவன் ஒலி எழுப்பி, தான் இருப்பதைத் தெரிவிப்பான் என்று முன்னால் செல்பவன் நம்பி ஓட்டுகிறான். துபையில் ஹார்ன் ஒலி அரிது. முதல் சாலைத் தேர்வில் தலை திரும்பவில்லை, தோல்வி. இரண்டாம் முறை அச்சத்தால் அளவுக்கு மீறி மெதுவாகச் சென்றார், அதுவும் தோல்வியே. ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு கட்டாயக் கூடுதல் வகுப்பு, மறுபடியும் கட்டணம், மறுபடியும் தேதிக்குக் காத்திருத்தல்.

தேராவில் அவர் தங்கியிருந்த அறையில் ஆறு கட்டில்கள். ஆறு பேரில் மூவர் இத்தேர்வின் ஏதேனும் ஒரு படியில் நின்றார்கள். இஷாவுக்குப் பின் ஸஹனைச் சுற்றி அமர்ந்தால் பேச்செல்லாம் அதுதான். மஞ்சள் கட்டத்திற்குள் வண்டி நின்றதா, இன்டிகேட்டரை எப்போது போட்டாய், அதிகாரி என்ன குறித்தார் என்று பரீட்சை முடிந்த பிள்ளைகளைப் போலப் பேசிக்கொள்வார்கள். எழுத்துத் தேர்வின் கேள்விகளைத் தமிழிலும் கேட்க வழி இருப்பதால் அதில் பெரும் துன்பம் இல்லை என்றார்கள். அறையில் இருந்த மலையாளச் சகோதரர் வேறு வழியில் முயன்றிருந்தார். இந்தியா போன்று பட்டியலில் இல்லாத நாடுகளின் உரிமம் வைத்திருப்பவர், வகுப்புகள் இன்றியே ஒரே ஒரு முறை நேராகத் தேர்வு கொடுத்துப் பார்க்கும் வாய்ப்பு 2023இல் துபையில் வந்தது. தேறினால் உரிமம். தேறாவிட்டால் மற்றவர்களைப் போல வகுப்பில் சேர வேண்டும். அவர் எழுத்தில் தேறிச் சாலையில் தவறி, கட்டிய பணத்தையும் இழந்து, மருமகன் படித்த பள்ளியிலேயே வந்து சேர்ந்தார்.

இந்தப் பணக் கணக்குதான் ஊரில் புரியாமல் போகிறது. மருமகனின் மாத ஊதியம் 2,500 திர்ஹம். முதல் கட்டணத்திலிருந்து இரண்டாம் தோல்வி வரை அவர் கட்டியது 5,000 திர்ஹத்தைத் தாண்டிவிட்டது. அந்த மாதங்களில் வீட்டிற்கு அனுப்பும் தொகை பாதியாகக் குறைந்தது. ஊரில் என் தங்கைக்கு உறக்கமில்லை. “காக்கா, அவன் கையில் இருக்கும் லைசென்ஸை வைத்து ஊரெல்லாம் ஓட்டினானே, அங்கே மட்டும் புதிதாக என்ன படிக்கிறான்? பணத்தை என்ன செய்கிறான் என்று நீங்களாவது பாருங்கள்” என்று தொலைபேசியில் கேட்டார். மகன் மீது தாய்க்கே ஐயம் வந்துவிட்டது. பெண் பேசியிருந்த வீட்டாரும் ஊதிய உயர்வு என்னாயிற்று என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மகனோ இரண்டு முறை தோற்றதைச் சொல்ல வெட்கப்பட்டு, வேலை மும்முரம் என்று மழுப்பிக்கொண்டிருந்தார். கட்டண ரசீதுகளை அவரிடமிருந்து வாங்கி ஒவ்வொன்றாகத் தங்கைக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அதன் பிறகே வீட்டில் அமைதி வந்தது. சபுராளிகளை அனுப்பியிருக்கும் வீட்டார் இதை அறிந்திருப்பது நல்லது. முதல் ஆண்டில் இப்படி ஒரு செலவு உண்டு என்று பயணத்திற்கு முன்பே பேசிவைத்தால், பிறகு பொய் சொல்ல நேராது.

அங்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதைச் சாலையில் நின்று பார்த்தால் ஓரளவு விளங்குகிறது. பள்ளிப் பேருந்து நின்று, அதன் பக்கவாட்டில் சிவப்புப் பலகை விரிந்தால், வண்டிகள் 5 மீட்டர் தள்ளி நின்றுவிட வேண்டும். மீறினால் 1,000 திர்ஹம் அபராதமும் 10 கரும்புள்ளிகளும். சிவப்பு விளக்கைக் கடந்தால் 1,000 திர்ஹமும் 12 புள்ளிகளும். இருக்கைப் பட்டை அணியாவிட்டால் 400 திர்ஹம். 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே பறிபோகும். ஒரு காலை வேளையில், குழந்தை ஒன்று புத்தகப் பையோடு நிதானமாக இறங்கி வரும் வரை விலையுயர்ந்த வண்டிகள் ஓசையின்றிக் காத்து நின்றதைக் கண்டேன். நம் ஊர்ப் பேருந்து நிலைய வாசல் நினைவுக்கு வந்தது.

அதற்காக எல்லாவற்றையும் புகழ வேண்டியதில்லை. குறித்த வேகத்திற்கு மேல் மணிக்கு 20 கிலோமீட்டர் வரை துபைக் கேமராக்கள் பொறுத்துக்கொள்கின்றன. 120 என்று பலகை இருந்தால் 140 வரை செல்லலாம் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ருக்ஸத்தை அபூதபீ 2018இல் நீக்கிவிட்டது. துபைப் பழக்கத்திலேயே அபூதபீ எல்லைக்குள் நுழைபவருக்கு அபராதம் காத்திருக்கிறது.

மற்ற நாடுகளில் நம் உரிமத்தின் மதிப்பு ஒன்றுபோல் இல்லை. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் சிங்கப்பூரில் எழுத்துத் தேர்வு ஒன்றில் தேறினால் காருக்கான உரிமத்தை மாற்றித் தருகிறார்கள். பிரிட்டனில் குடியேறியவர் இந்திய உரிமத்தைக் கொண்டு 12 மாதங்கள் ஓட்டலாம். பிறகு அந்நாட்டுத் தேர்வில் தேற வேண்டும். ஜெர்மனியில் 6 மாதங்கள் மட்டுமே. இதில் நகைப்புக்குரிய செய்தி ஒன்று. 2021இல் பிரிட்டன், உரிமத்தை மாற்றிக்கொள்ளத் தகுந்த நாடுகளின் பட்டியலில் அமீரகத்தைச் சேர்த்தது. இந்திய அட்டையால் லண்டனில் பெற முடியாததைத் துபை அட்டை பெற்றுத் தரும்.

மருமகன் மூன்றாம் முறை, 2024 பிப்ரவரியில் தேறினார். முதல் உரிமத்திற்கு 2 ஆண்டுக் காலம், அதன் பின் புதுப்பித்தால் 5 ஆண்டு. நிறுவனம் பிக்அப்பைக் கையில் கொடுத்தது. ஊதியமும் சற்று உயர்ந்தது. உரிமம் பெறும் வயதை அமீரகம் 2025 மார்ச்சில் 18இலிருந்து 17 ஆகக் குறைத்துள்ளது. அங்கேயே குடும்பத்தோடு வாழ்பவர்களின் பிள்ளைகளுக்கு இது பயன்படும்.

புறப்பட இருப்பவர்கள் ஊர் உரிமத்தின் மூல அட்டையைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். வகுப்பு மணிநேரம் குறைவதற்கு அதுவே சான்று. விமானம் ஏறுமுன் அதன் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்க. காலம் முடிந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மறுதேர்வின்றி நம் ஊரில் புதுப்பித்துக்கொள்ளலாம். ஓராண்டைக் கடத்திவிட்டு விடுமுறையில் வருபவர், இங்கேயும் மீண்டும் ஒருமுறை எட்டுப் போட வேண்டியிருக்கும்.