ரெண்டு விசில்

வில்லியனூர் ரூட்டில் பிரைவேட் டவுன் பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும். பின்படியில் ஒருவர், முன்படியில் ஒருவர். பின்னாலிருந்து ஒரு விசில், முன்னாலிருந்து ஒரு விசில். ரெண்டும் வந்தால்தான் டிரைவர் கியரைத் தொடுவார். ஒன்று வந்து இன்னொன்று வரவில்லையென்றால் யாரோ ஒரு பாட்டி இன்னும் கூடையை இறக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். உழவர்கரையில் குடியிருக்கும் நான் பல வருஷமாக இந்த பஸ்ஸில்தான் ஆபீஸ் போகிறேன். தினமும் கேட்கிற அந்த ரெண்டு விசிலை என் புரோகிராமில் வைக்க மறந்துபோனேன். அதனால் வந்த வினை இது.

ஒரு சனிக்கிழமை. சாப்பாட்டில் கை வைத்த நேரம், போன். நாங்கள் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த ஒரு சிக்கன நாணய சங்கத்தின் மேனேஜர். (சங்கத்தின் பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது.)

"ஸார், உடனே வாங்க. ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்துட்டார். எழுந்திரிக்க மாட்டேங்கிறார்."

போனேன். பெரியவர் மில்லில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். முதிர்ந்துபோன 38,000 ரூபாய் டெபாசிட்டை வெள்ளிக்கிழமை சேவிங்ஸ் கணக்குக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை பேத்திக்கு காலேஜ் பீஸ் கட்டக் கடைசி நாள்.

"தம்பி, டெபாசிட்ல இல்லைங்கிறாங்க. சேவிங்ஸ்லயும் இல்லைங்கிறாங்க. நடுவுல எங்க போச்சு?"

நியாயமான கேள்வி. கம்ப்யூட்டர் கணக்கில் 'நடுவுல' என்று ஓர் இடம் இருக்கவே கூடாது. இங்கே கழித்தால் அங்கே கூட்ட வேண்டும். முடியாவிட்டால் கழித்ததையும் ரத்து செய்துவிட வேண்டும். இதைத்தான் ட்ரான்ஸாக்ஷன் என்கிறோம். இங்கே ஒரு சின்னச் சிக்கல். டெபாசிட் கணக்கு தலைமை அலுவலக டேட்டாபேஸில், சேவிங்ஸ் கணக்கு கிளையின் டேட்டாபேஸில். ரெண்டு வீட்டுக்காரர்களையும் ஒரே நேரத்தில் ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொருவரையும் 'தயாரா?' என்று கேட்பது. எல்லாரும் 'தயார்' என்றால்தான் ரெண்டாவது சுற்றில் 'முடி' என்று சொல்வது. ஒருவர் மக்கர் செய்தாலும் எல்லாருக்கும் ரத்து.

இந்த விவகாரத்தையெல்லாம் இலக்கணமாக எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் ஜிம் கிரே என்கிற அமெரிக்கர். 1998-ல் டூரிங் விருது வாங்கியவர். கிறிஸ்தவக் கல்யாணத்தை உதாரணம் காட்டுவார்: பாதிரியார் மாப்பிள்ளையைக் கேட்கிறார், பெண்ணைக் கேட்கிறார், ரெண்டு பேரும் சரி என்றால்தான் அறிவிக்கிறார். (நம்ம பக்கம் பெண்ணை யார் கேட்கிறார்கள்? நேரே கெட்டிமேளம்தான்.) பாவம், 2007 ஜனவரி 28-ம் தேதி தாயாரின் அஸ்தியைக் கரைக்க சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் படகில் போனவர் திரும்பவில்லை. சாட்டிலைட் படங்களையெல்லாம் வைத்துத் தேடினார்கள். படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. இறந்துவிட்டார் என்று சட்டப்படி அறிவிக்க 2012 ஆகிவிட்டது.

என் கதைக்கு வருகிறேன். வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று நான் அதை மூன்று த்ரெட்டாகப் பிரித்திருந்தேன். த்ரெட் என்றால் நூல். மில் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனி இழைகள். ஒன்று டெபாசிட்டைக் கழிக்கும், ஒன்று சேவிங்ஸில் கூட்டும், ஒன்று வவுச்சர் எழுதும். மூன்றுக்கும் மேலே மெயின் த்ரெட்டில் ட்ரான்ஸாக்ஷன் என்று ஒரு குடையை விரித்துவிட்டு, பயல்கள் மூவரும் அதன் கீழேதான் நிற்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நிற்கவில்லை. டாட் நெட்டில் 'நடப்பு ட்ரான்ஸாக்ஷன்' என்பது அதை ஆரம்பித்த த்ரெட்டின் சட்டைப்பையிலேயே இருக்கும். புதிதாகக் கிளப்பிவிடும் த்ரெட்டுக்கு அது தானாகப் போய்ச் சேராது. ஆக, மூன்றும் குடைக்கு வெளியே, அவரவர் வேலையை அவரவரே முடித்துக் கையெழுத்தும் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதுவும் கெடாதவரை இது வெளியே தெரியாது. டெஸ்டிங்கில் அத்தனையும் பாஸ். கேக் வெட்டினோம்.

வெள்ளிக்கிழமை மழையில் கிளையின் லைன் போய்விட்டது. கூட்டுகிற த்ரெட் பாதியில் விழுந்தது. மெயின் த்ரெட் பொறுப்பாக 'ரத்து' என்று சொன்னது. சொல்லி என்ன பிரயோஜனம்? கழிக்கிற த்ரெட் எப்போதோ கழித்து முடித்து வீட்டுக்குப் போயாகிவிட்டது.

பெரியவரிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? "நாளைக்குள்ள வந்துடும்யா" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே தம்பி?"

அன்று ராத்திரி ரெண்டு மணி வரை ஒவ்வொரு கணக்காகத் தேடினதில் பெரியவர் மாதிரி இன்னும் ஆறு பேர் கிடைத்தார்கள். வீட்டிலிருந்து ரெண்டு தடவை போன். "என்னங்க, வருவீங்களா மாட்டீங்களா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க." தயார் என்று சொல்லிவிட்டு முடிவு தெரியாமல் காத்திருக்கிற டேட்டாபேஸின் கஷ்டமும் இதுதான். சொன்ன சொல்லை மாற்ற முடியாது, பூட்டி வைத்த கணக்கைத் திறக்கவும் முடியாது. இதற்கு நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த சி. மோகன், ஐ.பி.எம்.மில் சகாக்களோடு சேர்ந்து எண்பதுகளில் ஒரு வழி சொன்னார். மேலிடத்தில் விசாரிக்கும்போது அந்த ட்ரான்ஸாக்ஷன் பற்றித் தகவலே இல்லையென்றால், ரத்து என்று எடுத்துக்கொள். என் மனைவி அந்த முறைப்படி பதினோரு மணிக்கே சாப்பாட்டை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் கையெழுத்தோடு ஏழு பேருக்கும் கையால் வரவு வைத்தோம். பிறகு புரோகிராம். ட்ரான்ஸாக்ஷனுக்கு 'டிபெண்டன்ட் க்ளோன்' என்று ஒரு நகல் எடுக்கலாம். ஒவ்வொரு த்ரெட் கையிலும் ஒரு நகல். வேலை முடிந்ததும் அது 'கம்ப்ளீட்' என்று விசில் ஊத வேண்டும். எல்லா விசிலும் வரும்வரை மெயின் த்ரெட்டின் கமிட் காத்திருக்கும்படி செய்யலாம். காத்திருக்காமல் ரத்து செய்துவிடும்படியும் செய்யலாம். நான் காத்திருப்பதையே வைத்தேன். அதற்காக நாள் பூரா காத்திருக்காது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரு நிமிஷம்தான், அப்புறம் ரத்து. இன்னொன்று, ஒரே கனெக்ஷனில் ரெண்டு த்ரெட்டை ஏற்றக் கூடாது. அது ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய படி. ஆளுக்கொரு கனெக்ஷன் கொடுத்தேன். கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது. சொல்லப்போனால், மூன்று வரி வேலைக்கு மூன்று த்ரெட்டே அதிகம். பந்தா.

பிறகு கிளையின் லைனை நானே பத்து தடவை பிடுங்கிப் பார்த்தேன். பத்து தடவையும் பணம் டெபாசிட்டிலேயே பத்திரமாக இருந்தது.

திங்கட்கிழமை பெரியவர் முதல் ஆளாக வந்தார். பாஸ்புக்கைக் கண்ணாடி போட்டு வரி வரியாகப் பார்த்தார். பீஸ் பணத்தை எண்ணி மடியில் வைத்தார். கிளம்புவார் என்று பார்த்தால், திரும்பி நின்றார்.

"ரெண்டு நாளு பணம் எங்கயோ கெடந்துச்சே, அதுக்கு வட்டி? ஏ.டி.எம்.ல பணம் வராட்டி நாளைக்கு நூறு ரூவா தரணும்னு ரிசர்வ் பாங்க்கே 2019-ல சொல்லியிருக்குல்ல?"

"அது அஞ்சு நாள் தாண்டினாத்தான் பெரியவரே. அதுவும் பாங்க்குக்கு" என்றார் மேனேஜர், பலவீனமாக.

பெரியவர் என்னைப் பார்த்தார். மேனேஜரும் என்னைப் பார்த்தார். எட்டு சதவீத வட்டியில் ரெண்டு நாளைக்குக் கணக்குப் போட்டேன். 16 ரூபாய் 66 பைசா. பாக்கெட்டிலிருந்து இருபது ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினேன்.

வாங்கிக்கொண்டு, சட்டைப்பையைத் துழாவி மூன்று ஒரு ரூபாய்க் காசு மீதி கொடுத்தார். "முப்பத்தி நாலு காசு நான் பாக்கி தம்பி."