புதுசுக்கு ஒரு பரீட்சை

புணேயில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக்கூடம். காலை 10 மணிக்கு 78 வயது இந்துஸ்தானிப் பாடகர் வருகிறார். இன்னொரு முறை பாட அவருக்கு மூச்சு தாங்காது. கம்ப்யூட்டரிலோ ரெக்கார்டிங் மென்பொருளின் புதிய பதிப்பு. நம்பலாமா?

முந்தைய இரவே ரெக்கார்டிஸ்ட் பரீட்சை வைத்துவிட்டார். விநாடிக்கு 48,000 மாதிரிகள், பஃபர் 128. அதாவது, ஒவ்வொரு தவணைக்கும் கம்ப்யூட்டருக்கு 3 மில்லி விநாடிகூட அவகாசமில்லை. தவறினால் 'டிக்'கென்று ஒரு சத்தம். எலெக்ட்ரானிக் தம்புராவை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பதிந்தார். சீரான சுருதியில் சின்னக் கீறலும் ஒளிய முடியாது. சுத்தம். பிறகு, மின்வெட்டு வந்தால்? பதிவின் நடுவே பிளக்கைப் பிடுங்கினார். மீண்டும் திறந்தபோது கடைசி நிமிடங்களைக் காணோம்.

திரும்பிவரும் வழியும் முக்கியம். 2021இல் வந்த ஆடாசிட்டி 3.0 சேமிக்கும் புராஜெக்ட் கோப்பைப் பழைய 2 வரிசைப் பதிப்புகள் திறக்காது. அதனால் பழைய பதிவுகளின் பிரதிகளை மட்டுமே அவர் புதியதில் திறந்து பார்த்தார்.

காலையில் திரையில் பழைய பதிப்புதான். "புதுசு ஏதோ வந்திருக்கிறதாமே?" என்றார் பாடகர்.

"அதற்கு இன்னும் சாதகம் போதவில்லை, பண்டிட்ஜி."