துவரையாய் மாறிய பொன்

எங்கள் வயலுக்குத் தண்ணீர் தரும் மடையின் ஷட்டர் மூன்று வருஷமாகச் சுற்றவில்லை. திருகு துருவேறிப் பல் மழுங்கிவிட்டது. தண்டு ஒரு பக்கம் வளைந்து நிற்கிறது. வைக்கோலையும் சாக்கையும் திணித்துத்தான் தண்ணீரை அடைக்கிறோம். அதையும் மீறிக் கசிகிற தண்ணீர் கரைக்கல்லுக்கு அடியில் அரித்து, ஒரு ஆட்டுக்குட்டி நுழைகிற அளவுக்குப் பொந்து விழுந்திருக்கிறது.

நிதி கேட்டு மனு கொண்டு போன இடத்தில், "இந்தக் கால்வாய யார் வெட்டினது, ரெக்கார்டு ஏதும் இருக்கா?" என்று கேட்டார்கள். பதில் தெரியாமல் திரும்பினேன். தாமிரபரணியின் மூன்றாவது அணையிலிருந்து பிரிகிற கன்னடியன் கால்வாய் அது. கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஓடி 12,500 ஏக்கருக்குப் பாய்கிறது. அதன் கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதன் கதை முழுசாகத் தெரியவில்லை என்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலில் எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சித் தாத்தாவிடம் போனேன். அவர் சொன்ன கதையை இந்தப் பக்கத்தில் பலரும் சொல்வார்கள். மலையாள ராஜா ஒருவருக்குத் தீராத நோய். எள்ளால் தன்னைப்போல ஒரு பொம்மை செய்து, உள்ளே பொன்னை வைத்து, நோயோடு சேர்த்துத் தானம் கொடுத்தார். வாங்க யாருக்கும் துணிச்சல் இல்லை. கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவர் வாங்கிக்கொண்டார். அந்தப் பொன்னை அம்பாசமுத்திரத்துக் கோயில் குருக்களிடம் ஒப்படைத்துவிட்டு, அதை என்ன செய்வதென்று கேட்கப் பொதிகைமலைக்கு அகத்தியரைத் தேடிப் போனார். "ஒரு பசுவின் பின்னால் போ. அது நடக்கிற வழியெல்லாம் கால்வாய் வெட்டு, கோமியம் விடுகிற இடத்தில் மடை வை, படுக்கிற இடத்தில் குளம் வெட்டு" என்றார் அகத்தியர். திரும்பி வந்தால், மூட்டையில் பொன்னுக்குப் பதில் துவரை! பிறகு தெய்வத்தின் முன்னால் வழக்கு நடந்து, பொன் மீண்டு, கால்வாய் வெட்டப்பட்டது.

கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது பசு இல்லை, அந்தத் துவரைதான். கால்வாய்க்கென்று வந்த பணம் இடையிலேயே கைமாறிப் போகும் என்பதை இந்த ஊர் எத்தனை தலைமுறைக்கு முன்பே கதையாகச் சொல்லி வைத்திருக்கிறது!

அப்புறம் என் தேடல் திசை மாறியது. வெட்டியவர் யார் என்பதைவிட, வெட்டிய பிறகு இத்தனை காலம் பழுது பார்த்த பணம் எங்கிருந்து வந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. கிடைத்த புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் இருக்கிறது. ஏரியைப் பராமரிக்கவென்றே 'ஏரிப்பட்டி' என்று நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். குளத்து மீனின் வருமானமும் குளத்து மராமத்துக்கே போயிருக்கிறது. மற்றபடி, கோடையில் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து தூர் வாருவது. அதுதான் குடிமராமத்து. கம்பெனி ஆட்சியின் கடைசி வருஷமான 1858-இல் அதைச் சட்டமாக்கி, ஆள் அனுப்பாதவர் கூலியைப்போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்றார்கள். தானாக வந்துகொண்டிருந்த ஆளுக்கு எதற்குச் சட்டம்? வருவது அப்போதே குறைந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. வரி முழுதும் சர்க்காருக்குப் போன பிறகு, கால்வாயும் சர்க்காருடையது என்று ஜனங்கள் நினைத்ததில் தப்பென்ன?

2017-இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் 100 கோடி ரூபாயில் வேலைகளைத் தொடங்கியபோது, பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் தர வேண்டும் என்று வைத்தார்கள். பணமாகவும் தரலாம், பொருளாகவும் தரலாம், உழைப்பாகவும் தரலாம். எங்கள் மனுவையும் இந்தக் கணக்கிலேயே திருப்பி எழுத உட்கார்ந்தேன். ரெக்கார்டு கேட்ட இடத்தில் கன்னடியன் கதையை எழுதி, அதன் கீழே எங்கள் பங்கையும் எழுதுவதாக முடிவு செய்தேன்.

பிசான சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் முன், ஒரு நோட்டோடு வீடு வீடாகப் போனோம். ஐநூறு, ஆயிரம், இரண்டு யூனிட் மணல் என்று வரிசையாக ஏறியது. தாத்தா வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"துட்டு இல்லடே" என்றார். "மூணு நாளைக்கு மம்பட்டியோட வாரேன், எழுதிக்கோ."

அவர் பெயருக்கு நேராக 'ஒரு ஆள், மூன்று நாள்' என்று எழுதிக் காட்டினேன். நோட்டை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கீழ இருக்க அந்தப் பொந்த நானே அடைக்கேன், அதயும் எழுது" என்றார்.