பாதைக் காசு

மட்டக்களப்பில் பாதை என்றால் தெரு மட்டுமல்ல. வாவியைக் கடக்கிற மிதவைக்கும் அதுதான் பெயர். மண்முனையில் 2014இல் பாலம் திறந்துவிட்டார்கள். நான் உத்தியோகம் பார்த்த காலத்தில் அங்கேயும் பாதை, குருமண்வெளியிலும் பாதை. வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக் கிழடுகட்டைகள் பலர் பாதை ஏறிக் கிழக்கே எழுவான்கரைக்கு வந்துதான் மாதக் காசு எடுத்தார்கள். அதை யன்னல் கம்பிக்குள்ளால் எண்ணிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். சின்னத் தபாற்கந்தோர். ஒரு மேசை, ஒரு இரும்புப் பெட்டி, பெருவிரல் ஒற்ற ஒரு மைத்தட்டு.

அந்தக் காசுக்கு அரசாங்கம் வைத்த பெயர் பொதுசன உதவிப் பணம். அதன் வேர் 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் வரை போகும். சனம் வைத்த பெயர் பிச்சைச் சம்பளம். வாங்கினவர்களும் அப்படித்தான் சொன்னார்கள், கொடுத்த நானும் அப்படித்தான் சொன்னேன். அந்தச் சொல் என் வாயில் ஒருநாளும் கசக்கவில்லை.

சூறாவளிக்கு முந்தின வருசம், 1977 மாரி. வாவியில் காற்று. பாதை பிந்தித்தான் கரை தட்டியிருக்கிறது. ஒரு பெத்தா நனைந்த சீலையோடு யன்னலடிக்கு வந்தா. நான் அப்போதுதான் கணக்கு மூடிக் கையெழுத்து வைத்திருந்தேன். "என்ட சம்பளம் வந்திட்டா மகன்?"

"கணக்கு மூடியாச்சு பெத்தா. நாளைக்கு வாங்க."

அவ ஒன்றும் பேசவில்லை. இடுப்பில் செருகியிருந்த கொட்டப்பெட்டியைத் திறந்து, வெற்றிலைக்குக் கீழே கிடந்த சில்லறையை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினா. திரும்பிப் போக ஒரு தரம், நாளைக்கு வர ஒரு தரம், போக இன்னொரு தரம். இரண்டு தரத்துக்குத்தான் இருந்தது போல. "மறுகா வாறன் மகன்" என்று மூடிக்கொண்டு போனா. பெட்டியைத் திறந்து கொடுத்திருந்தால் எனக்கு ஒரு வரி அடித்தெழுதும் வேலை. அவ்வளவுதான். அடுத்த நாள் அவ வரவில்லை. அடுத்த மாதம் வந்தா.

இருபது வருசம் இதை நான் நினைக்கவேயில்லை. நினைக்க வைத்தவன் என் அக்காவின் மகன். தொண்ணூறுகளில் சென்னையில் பொருளியல் படித்தவன். லீவில் வரும்போது ஒரு கட்டுரைப் பிரதியைக் கொண்டுவந்து, "மாமா, இது உங்கட யன்னலைப் பத்தினது" என்று தந்தான். சர்வதேச தொழில் அமைப்பின் ஆய்விதழில் 1994இல் வந்தது. எழுதியவர் எஸ். குகன்.

குகன் இந்திய ஆட்சிப் பணிக்காரர். எழுபதுகளில் தமிழ்நாட்டின் நிதிச் செயலாளர். பிறகு மால்கம் ஆதிசேசையா 1971இல் அடையாற்றில் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் போய் இருந்து எழுதினார். காவிரித் தகராறு பற்றி 1993இல் ஒரு புத்தகம். நடனமணி பாலசரசுவதி பரதம் பற்றிச் சொன்னவற்றைத் தொகுத்து ஆங்கிலத்தில் தந்தவரும் இவர்தான். வரவு செலவுத் திட்டம் போட்ட கையும் அபிநயத்தை எழுதின கையும் ஒன்று என்பதில் எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம்.

அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது இருவேல்பட்டு. விழுப்புரம் பக்கத்து ஊர். 1916இல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேற்றர் தன் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி எழுதி வரச் சொன்னார். ஆருக்கு எவ்வளவு நிலம், ஆருக்கு எவ்வளவு கடன், என்ன சாப்பாடு. அப்படி எழுதப்பட்ட ஊர்களில் ஒன்று அது. ஒரு பெரிய நிலக்காரக் குடும்பத்தின் கைக்குள் கிடந்த ஊர். எங்கள் போடியார்மாரை நினைத்துக்கொள்ளுங்கள். அறுபத்தைந்து வருசம் கழித்து, ஜோன் மென்சர் என்ற மானிடவியலாளரோடு சேர்ந்து குகன் அதே ஊரை மறுபடி கணக்கெடுத்தார். மாநிலத்தின் கஜானாவையே பார்த்து முடித்த ஆள், ஒரு ஊரின் வீடுகளை எண்ணப் போனார். கொழும்பில் இருந்துகொண்டு படுவான்கரைக்குத் திட்டம் போட்டவர்களை நிறையப் பார்த்த எனக்கு இது பெரிய விசயம்.

அந்தக் கட்டுரையில் சமூகப் பாதுகாப்பை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். என் பாசையில் சொன்னால், வாய்க்கால் வெட்டி வயலை விளைய வைப்பது ஒன்று. வெள்ளம் வருமுன் வரம்பைக் கட்டுவது மற்றது. வெள்ளத்தில் விழுந்தவனைத் தூக்குவது மூன்றாவது. வாய்க்கால் வெட்டி முடியட்டும், பிறகு தூக்கலாம் என்று இருக்க முடியாது. ஏழை நாடு என்றாலும் முதுமைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் உழைக்கிறவன் செத்துப்போன வீட்டுக்கும் சிறிதாவது, தவறாமல் கொடுக்கலாம் என்பது அவர் நிலை. 1995 ஆகஸ்ட் 15இல் இந்தியா தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கியபோது அதில் இருந்தவை இந்த மூன்றும்தான். முதியவருக்கு அப்போது மத்திய அரசின் பங்கு மாதம் 75 ரூபாய். சின்னக் காசுதான்.

இந்த மூன்று பயமும் எந்தக் குடும்பஸ்தனுக்கும் தெரிந்தவை. நித்திரை வராத இரவில் மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பனாக நான் நினைத்துப் புரண்டவையும் இவைதான். எங்கள் வழக்கத்தில் வீடு மகளுக்குப் போகும். மூத்தவளுக்கு வீட்டையும் அடுத்தவளுக்கு வளவில் பாதியையும் கொடுத்தபின் தாய் பின்வளவில் ஒரு குடிலில் இருப்பா. உதவிப் பணத்துக்கு விசாரிக்க வரும் உத்தியோகத்தர் முன்னால் நின்று ஓட்டு வீட்டைப் பார்ப்பார், "பிள்ளைகள் நல்லாத்தானே இருக்கு" என்று எழுதுவார். வீடு வீடாகப் போய் எண்ணினால்தான் பின்வளவு தெரியும்.

தொகை எவ்வளவு என்பதோடு கணக்கு முடிவதுமில்லை. 1979இல் இங்கே அரிசிக் கூப்பனை நிறுத்தி உணவு முத்திரை கொடுத்தார்கள். விலைவாசி ஏறியது, முத்திரையில் அச்சடித்த தொகை அப்படியே நின்றது. சில வருசத்தில் அதன் பெறுமதியில் பாதி கரைந்துபோனது. சட்டத்தில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் ஒரு உதவியைப் பாதியாக்கலாம் என்று அதில் கண்டேன்.

தமிழ்நாட்டில் முதியோர் பென்சன் 1962இலேயே வந்துவிட்டது. விதவைகளுக்கு 1975இல். மருமகன் சொன்ன ஒரு சின்னத் தகவல்தான் என்னை உலுப்பியது. அங்கே அப்போது அந்தக் காசு மணியோடராகப் போகுமாம். தபாற்காரன் கிழவியின் திண்ணைக்குப் போய்க் கொடுப்பானாம். அவனும் என்னைப் போலத் தபால்காரன்தான். அவன் கிழவியைத் தேடிப் போயிருக்கிறான், எங்கள் பெத்தா என்னைத் தேடி வந்திருக்கிறா. பிச்சைச் சம்பளம் என்ற பெயர் எங்கே ஒட்டியது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அது காசில் இல்லை. கம்பி யன்னலில் இருந்தது.

குகன் 1998இல் காலமானார். மருமகன் கடிதம் எழுதியிருந்தான். நான் ஒருநாளும் பார்க்காத மனிசன். ஆனாலும் அன்று மத்தியானம் சாப்பிட மனம் வரவில்லை. அலுமாரியிலிருந்து அந்தப் பிரதியை எடுத்து, பென்சிலால் ஓரத்தில் எழுதினேன். பாதைக் காசு இரண்டு தரம். ஒரு தேத்தண்ணி. வயலில் பதர் புடைத்திருந்தால் கிடைக்கிற அரைநாள் கூலி. அந்த மாரி நாளுக்கு மட்டும் பாதைக் காசு இன்னும் ஒரு சோடி. எல்லாவற்றையும் கூட்டி, 1977இல் அந்தப் பெத்தாவுக்கு நான் எண்ணிக் கொடுக்கிற தொகையிலிருந்து கழித்துப் பார்த்தேன்.